புதுக் கேசட்டில் ஒரு மூச்சு

என் கமலாக்கண்ணுக்கு,

நீ போய் நான்கு மாதமாகிறது. வீட்டுச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் மறுபடி டோலக்கைத் தொட ஆரம்பித்திருக்கிறார். அத்தைக்கு, உன் அம்மாவுக்கு, இடது கண்ணில் புரை முற்றிவிட்டது, வலது கண்ணிலும் நிழல்தான் தெரிகிறதாம். அரியலூர் டெலிபோன் ஆபீஸில் உன் நாற்காலிக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஒருநாள் டிரங்க்கால் கேட்டபோது அவள் பேசினாள். நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

மற்றொரு கேள்வி இருக்கிறது. அதை உன்னைத் தவிர யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

நம் ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் உனக்கு நினைவிருக்குமா? கல்லூரி விடுதியில் அரைகுறையாகக் கற்ற வயலினோடு நான், டோலக்கோடு உன் அண்ணன், அரியலூரிலிருந்து பஸ்ஸில் புல்புல்தாரா வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கும் யூசுப் பாய். பாய்க்கு ரேடியோ ரிப்பேர் கடை. நாங்கள் மூவரும் மேடை ஏறியதில்லை. ஏறவும் கூடாது என்பது அத்தையின் தீர்ப்பு. "பூனைக்குப் பிரசவமாடி உள்ள?" என்று கேட்டுவிட்டு எதிர்வீட்டுக்குப் போய்விடுவார்.

நீ மட்டும் எதையும் வாசிக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து உங்கள் பெரியப்பா மகன் கொண்டுவந்த டேப்ரிக்கார்டர் உன் பொறுப்பில் இருந்தது. "பாடேன் கமலா" என்று கெஞ்சினால், "எட்டு மணி நேரம் ஊருக்கெல்லாம் பேசிட்டு வரேன் அண்ணி. வூட்லயாவது வாய மூடிக்கிட்டு இருக்கேன்" என்பாய்.

ஜன்னலைச் சாத்துவாய். மின்விசிறியை நிறுத்துவாய். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அரிசிக் குதிருக்குள் வைப்பாய். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று கடந்தால் அடுத்தது வர எவ்வளவு நேரம் என்பது உனக்குத்தான் தெரியும். கையை உயர்த்தி, மூச்சை இழுத்து அடக்கி, பதிவதற்கான இரண்டு பட்டன்களையும் சேர்த்து அமுக்குவாய். வியர்வை ஒழுக நாங்கள் காத்திருப்போம். மைக் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அதற்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தவள் நீதான்.

பதிந்தது பிடித்திருந்தால் கேசட்டின் முதுகிலுள்ள சின்னப் பிளாஸ்டிக் பல்லை ஊக்கால் உடைத்துவிடுவாய். பல் போன கேசட்டின்மேல் யாரும் தவறிப்போய் மறுபடி பதிய முடியாது. எங்கள் பிசிறுகளை எல்லாம் அப்படித்தான் காப்பாற்றினாய்.

ஒரே ஒருநாள் நீ பாடினாய். மழையில் பஸ் நின்றுபோய் பாய் வரமுடியாத ஞாயிறு. நானும் உன் அண்ணனும் விடாமல் நச்சரித்தோம். பாட்டு எதுவும் தெரியாது என்று சொல்லி, உன் ஆபீஸ் பேச்சையே ராகம் போட்டு இழுத்தாய். "சிறுவாச்சூரா... வேப்பந்தட்டையா... லைன்ல இருங்க... லைன்ல இருங்க..." சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அந்தக் கேசட்டின் பல்லை நீ உடைக்கவில்லை. மேலே பெயர்கூட எழுதவில்லை. ஏன் கமலா?

மஞ்சள்காமாலை பத்தொன்பது நாளில் உன்னைக் கொண்டுபோனது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அத்தை கேட்டார்: "அந்தப் பொட்டிக்குள்ள அவ கொரலு இருக்காமே. போடு, கேக்கறேன்." எனக்கு மனது வரவில்லை. அடுத்த வாரம் போடுகிறேன் அத்தை என்று தள்ளிப்போட்டேன்.

அந்த அடுத்த வாரம்தான் பாய் துக்கம் விசாரிக்க வந்தார். புல்புல்தாராவும் கூட வந்திருந்தது. கமலாவுக்காக ஒன்று வாசிப்போம் என்றார் உன் அண்ணன். ஜன்னலைச் சாத்தவும் பட்டனை அமுக்கவும் ஆளில்லை. நான் உன் இடத்தில் உட்கார்ந்தேன். பெயரில்லாத, பல் உடையாத ஒரு கேசட்டை எடுத்துப் போட்டு அமுக்கினேன். உனக்காக வாசித்தது உன் பாட்டின்மேலேயே ஏறிவிட்டது.

பின்னால் சுற்றி ஓடவிட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது. வயலின் ஓய்கிற இடைவெளிகளில், கிணற்றுக்கு அடியிலிருந்து வருவதுபோல, "லைன்ல இருங்க" என்றாய். உன் அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

பாய் பெட்டியைத் திறந்து பார்த்தார். "அழிக்கிற ஹெட்டு தேஞ்சு போச்சு தங்கச்சி. பழசு முழுசா அழியல, அடியில கெடக்குது. வேற ஹெட்டு போட்டுத் தரேன்." திருச்சியில் பௌதிகம் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் காந்தப் பாடம் நடத்துகிறவள் நான். எனக்கு அது புரிந்தது. பெட்டியை அவரோடு அனுப்பினேன்.

அத்தையிடம் உண்மையைச் சொல்லவில்லை. "பொட்டி பாய் கடைல இருக்கு அத்தை" என்றே இரண்டு மாதம் ஓட்டினேன். ஒவ்வொரு நாளும் கேட்டார். ஒவ்வொரு நாளும் அதையே சொன்னேன்.

பெட்டி புது ஹெட்டோடு வந்தது. உன் அண்ணன் திருச்சியிலிருந்து புதுக் கேசட் வாங்கிவந்தார். உறையை நானே பிரித்தேன். உன் இடத்தில் உட்கார்ந்து பட்டனை அமுக்கி வாசித்தேன். பின்னால் சுற்றி ஓடவிட்டால், வயலின் தொடங்குவதற்கு முன்னால் ஒரு மூச்சு. இழுத்து, அடக்கி, மூக்கு வழியாகக் கொஞ்சமாகக் கசியவிடும் மூச்சு.

பாய் மூன்று முறை ஓட்டிக் கேட்டார். "புதுக் கேசட்டுதானே?"

"நாந்தான் பிரிச்சேன் பாய்."

"அப்ப உங்க மூச்சுதான் தங்கச்சி. கிட்டக்க உக்காந்திருக்கீங்கள்ல" என்றார். ஆனால் அன்று டீக்குக்கூட நிற்காமல் நான்கு மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். என் மூச்சுதான் என்று நானும் சொல்லிக்கொண்டேன்.

முந்தாநாள் மதியம் அத்தை சுவரைத் தடவிக்கொண்டே கூடத்துக்கு வந்தார். "பொட்டி வந்து ரெண்டு வாரமாவுது. எனக்குக் கண்ணுதான் போச்சு. காது போவல."

அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. "அழிச்சுட்டேன் அத்தை. தெரியாம நாந்தான் அழிச்சுட்டேன்."

அத்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மிச்சம் மீதி இருக்குறதப் போடு" என்றார்.

போட்டேன். வயலினுக்கு அடியில் நீ பாடினாய். அத்தையின் முகம் சுருங்கியது.

"யாருடி இது?"

"கமலாதான் அத்தை."

"போடி. எங்கிட்ட ஒருநாளாவது இவ்ளோ மரியாதயாப் பேசியிருக்காளா அவ? இது யாரோ ஆபீஸ்காரி."

நான் நிறுத்தப் போனேன். அப்போது உன் பாட்டு முடிந்து வெறும் இரைச்சல் ஓடியது, அதற்குள் ஒரு மூச்சு. அத்தை சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். "இதோ. இதோ இருக்கா. முப்பத்தாறு வருசம் எம்பக்கத்துல படுத்தவளாச்சே, தெரியாதா?"

பிறகு நீ பல் உடைத்துவைத்த கேசட்டுகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டேன். இத்தனை வருடம் நாங்கள் எங்களை மட்டுமே கேட்டிருக்கிறோம். எல்லாப் பாட்டுக்கும் முன்னால் நீ இருந்தாய். அத்தை ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைக்கவில்லை.

கடைசியாக, எதுவும் சொல்லாமல் புதுக் கேசட்டைப் போட்டேன். என் மூச்சு என்று அத்தை சொல்லிவிட்டால் நிம்மதி. அதற்காகத்தான் போட்டேன். அத்தை பெட்டியின்மேல் காதை வைத்துக் கேட்டார்.

"இதுல ரெண்டு பேரு இருக்கீங்க" என்றார். "மொதல்ல நீ. ஒனக்குப் பின்னால அவ. எப்பப் புடிச்சது இது?"

பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "ரெண்டு வாரம் ஆவுது அத்தை."

அவர் திடுக்கிடவே இல்லை. "சரி. இந்த ஞாயித்துக்கெழமையும் புடி. நானும் ஒக்காந்து கேக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சோறு போடச் சொன்னார்.

நாளை மறுநாள் ஞாயிறு. ஒரு மூச்சு மட்டும் கேட்டால், அத்தை உன்னை இரண்டாம் முறை இழப்பார். இரண்டு கேட்டால்? பட்டப்பகலில், இவர்கள் எல்லாரும் சுற்றியிருக்க, நான் என்ன ஆவேன் என்று தெரியவில்லை.

திருட்டு வழி ஒன்றும் எனக்குத் தோன்றியது. உன் மூச்சு இப்போது எனக்கு மனப்பாடம். நானே அதை விட்டுவிட்டால் அத்தை நிம்மதியாக இருப்பார் அல்லவா? நேற்று அடுப்படியில் நின்று விட்டுப் பார்த்தேன். அச்சு அசலாக வந்தது. பக்கத்து அறையிலிருந்து அத்தை, "கமலா?" என்றார்.

 புதுக் கேசட்டில் பதிந்த அன்றைக்கும் இரண்டு மூச்சையும் விட்டவள் நான்தானா, எனக்கே தெரியாமல்? அப்படியென்றால் என் மூக்கு வழியாக அதை விட்டது யார்?

இதை மட்டும் உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். ஞாயிறன்று பட்டனை அமுக்கிவிட்டு நான் கதவோரம் போய் நின்றுகொள்வேன். வயலினை எடுக்காமல், முந்தானையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, முடிந்தமட்டும் அடக்கிக்கொண்டு நிற்பேன். அத்தை எவ்வளவு ஆசையாகக் காத்திருந்தாலும் உன் பெயரில் ஒரு மூச்சும் விடமாட்டேன். கேட்பதும் கேட்காததும் உன்னுடையதாகவே இருக்கட்டும்.

உன்னைத் தங்கை என்று நினைத்தே வாழ்ந்த
அண்ணி,
சாரதா