தெற்குச் சுவர்

மதினி,

காலையில் மேலத்தெருக்காரர்கள் பத்திரிகை வைக்க வந்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்புப் பழம், சந்தனக் கிண்ணம், மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகை. அந்தச் சந்தன வாசம் மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகமும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. "உங்க மதினி இருந்தாகன்னா மொதப் பத்திரிகை அவகளுக்குத்தான்" என்றாள் வந்த பெண். நான் பத்திரிகையை எடுத்துக்கொண்டேன். இருந்தபோது மட்டும் கொடுத்தார்களா என்ன?

பழைய வீட்டில் கொடுத்தார்கள். ஓடைப்பட்டியில் அந்த ஓட்டு வீட்டின் கதவு நேரே தெருவில் திறக்கும். திராட்சைத் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் உங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் தாண்ட மாட்டார்கள். எந்த வீட்டில் பெண் சமைந்திருக்கிறாள், எவன் பந்தலில் நோய் விழுந்திருக்கிறது, எல்லாம் உங்களுக்குத்தான் முதலில் தெரியும். பத்திரிகை வந்தால் வாசலில் நின்று இரண்டு கையாலும் வாங்கித் திருநீறு பூசி அனுப்புவீர்கள். அப்புறம்தான் அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போவார்கள்.

அண்ணன் போனதும் உங்கள் மகன் அதை இடித்துவிட்டு அதே இடத்தில் மாடி வீடு கட்டினான். உங்களுக்கென்று கீழே ஒரு அறை. ஏசி, வழுக்காத தரை, கைப்பிடி வைத்த கக்கூஸ். பார்த்தவர்களெல்லாம் "மகராசி, குடுத்து வச்சவ" என்றார்கள். ஆனால் தெருவுக்கு வர ஹால், கம்பிக் கதவு, காம்பவுண்டு கேட் எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். உங்கள் முழங்கால் அதற்கு ஒத்துவரவில்லை. பத்திரிகை கொண்டுவந்தவர்களிடம் "அத்தை தூங்குறாக" என்று சொல்லி மருமகளே வாங்கி வைத்துக்கொண்டாள்.

"நான் எப்ப தாயி பகல்ல தூங்கியிருக்கேன்?" என்று என்னிடம் கேட்டீர்கள். "இங்கன நான் யாருன்னே தெரியல. விருந்தாளின்னாக்கூட நாலு பேரு வந்து பாப்பாக."

ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். உங்கள் அறையின் தெற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் தெரு. என் கண் முன்னாலேயே மகனிடம் கெஞ்சினீர்கள்: "அங்கன ஒரு கதவு மட்டும் வச்சுக் குடுய்யா. நாற்காலியப் போட்டு உக்காந்துக்கிருவேன்." அவன் செல்போனிலிருந்து தலையை எடுக்காமல், "தெக்க வாசல் ஆகாதும்மா. வாஸ்து இடிக்கும். தூசி வேற" என்றான். அடுத்த பொங்கலுக்கும் கேட்டீர்கள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டீர்கள். பேச்சும் குறைந்தது, சாப்பாடும் குறைந்தது. சத்துக்குறைவு என்று டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார்.

நீங்கள் போன நாள் அவிட்டம். அடைப்பு நட்சத்திரம், தலைவாசல் வழியாக எடுத்தால் வீட்டுக்கு ஆகாது, சுவரை இடித்துத்தான் எடுக்க வேண்டும் என்றார் ஜோசியர். கொத்தனார் ஓடி வந்தார். எந்தச் சுவரை இடித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? சம்மட்டி விழ விழ எனக்கு அழுகை நின்றுபோனது. காபி குடிக்கிற நேரத்தில் வழி ஆகிவிட்டது. உங்களை அதன் வழியே நேரே தெருவில் கொண்டுவந்து கிடத்தினார்கள். தெருவே கூடி நின்று உங்களைப் பார்த்தது. சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்புவதற்குள் செங்கல் வைத்து மூடியும் விட்டார்கள்.

என் மகனும் தேனியில் வீடு கட்டப்போகிறான். போன வாரம் பிளானை விரித்து, "இதும்மா உன் ரூம்" என்று காட்டினான். தெருப் பக்கம் கதவு எங்கே என்று கேட்டேன். "எதுக்கும்மா? பாதுகாப்பு இல்ல. வேணும்னா அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். நீங்கள் கெஞ்சிக் கேட்டதை நான் கெஞ்சாமல் கேட்டேன், மதினி.

"அப்புறம் வேணாம்யா. நான் உசுரோட இருக்கும்போதே வை."