இறங்கி நிற்க இடமில்லாத படகு

மச்சான்,

மூன்று நாளாய் விடாத மழை. நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஓடுகிற ஆறு கலங்கி, சேற்று வாடை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. இந்த வாடை அடித்தால் எனக்குச் சோறு இறங்காது. உன்னை ஆற்றில் விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து இப்படித்தான்.

உன் கண்தான் உனக்கு எமன் என்று தோட்டத்தில் இன்னும் பேசுகிறார்கள். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற மலையில் நின்றபடியே எதிர்க்காட்டில் மரைமான் மேய்வதைக் காட்டுவாய். நாங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு தேடுவோம். அதைக் கேள்விப்பட்டுத்தான் தோட்டத்துத் தொரை, சீமையிலிருந்து வந்த விருந்தாளிகளுக்கு மிருகம் காட்ட உன்னை மகாவலி ஆற்றுக்குக் கூட்டிப்போனார். சாப்பாட்டுப் பெட்டி தூக்க நான் வந்தேன். தேயிலை விலை விழுந்து ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்த வருஷம் அது. மாட்டேன் என்று யார் சொல்வது?

ஒரு சிங்களக் கிழவர் படகு வலித்தார். முனையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாய்க் காட்டினாய் நீ: கரையோரம் குளிக்கிற யானைகள், மருத மரக்கிளையில் ஒட்டிக் கிடந்த உடும்பு. "மலைக்குக் கீழ இம்புட்டு இருக்கு, நாம கொழுந்தையே பாத்துக்கிட்டுக் கெடக்கோம்" என்று சிரித்தாய். வீட்டுக்குப் போனதும் என் தங்கச்சிக்கு யானை மாதிரி நடந்து காட்டப்போவதாகச் சொன்னாய்.

மணல்திட்டில் வாயைப் பிளந்து கிடந்த முதலையையும் நீதான் முதலில் பார்த்தாய். தொரை படம் பிடிக்கிற பெட்டியோடு எழுந்து முனைக்கு வந்தார். நீ கவனிக்கவில்லை. தோட்டத்துப் பாதையில் சொல்வது போலவே மெதுவாகச் சொன்னேன், "தொரை வர்றாரு."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை நீ. தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டே எழுந்து, அவருக்கு வழிவிட்டுப் பக்கத்தில் இறங்கினாய். பாதையாக இருந்தால் அங்கே கான் இருக்கும். மழைத்தண்ணீர் ஓடுகிற அந்தக் கானில் இறங்கி, தொரை கடந்துபோகும்வரை குனிந்து நிற்பதுதானே நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். படகுக்குப் பக்கத்தில் ஆறுதான் இருந்தது.

முதலை மணலிலிருந்து நழுவியதைப் பார்த்தேன். கிழவர் கோலை நீட்டினார். அதைப் பிடிக்க உன் கை மேலே வரவில்லை.

"கால் வழுக்கி விழுந்தான்" என்றார் தொரை. நானும் வந்து அதையே சொன்னேன், என் தங்கச்சியிடமும். நாலு வருஷம் அவள் கையால் சோறு வாங்கித் தின்றேன், பாவி நான்.

நேற்றுத் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். "நான்தான் தங்கச்சி குரல் குடுத்தேன். வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா அவன் உக்காந்தே இருந்திருப்பான்." காறித் துப்புவாள் என்று நினைத்தேன். அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள்.

"தொரை வர்றப்ப உக்காந்திருந்தா தோட்டத்த விட்டே வெரட்டியிருப்பாரு. நானா இருந்தாலும் அதையேதான்ணே சொல்லியிருப்பேன்" என்றாள்.

இன்று காலை பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகையில் எதிரே தொரை வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. தங்கச்சிதான் என் கையைப் பிடித்துக் கானுக்குள் இழுத்தாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும், மச்சான், நீ இன்னும் இறங்கிக்கொண்டே இருப்பது போல இருந்தது எனக்கு.