அறுபத்துமூன்றாவது அழைப்பு

4 ஒக்டோபர் 2005, செவ்வாய்

என் பட்டப்படிப்பு ஆய்வுக்கான எண்பது குடும்பங்களின் கேள்விப் படிவங்களையும் கணினியில் ஏற்றியாயிற்று. நாற்பது கானா நாட்டுக் குடும்பங்கள், நாற்பது ஜேர்மன் குடும்பங்கள். எல்லாம் ஜேர்மனியின் எசன் நகரத்துக்குள்ளேயே. ஒரே வேலை, ஏறத்தாழ ஒரே சம்பளம் என்று பார்த்துப் பார்த்துச் சோடி சேர்த்தவை. பதினோராவது சோடியை விட்டு மனம் அசைய மாட்டேன் என்கிறது. இரண்டு பேரும் பஸ் சாரதிகள், ஒரே டிப்போ, ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருவர் பூங்காவுக்குப் பக்கத்தில் நாலு அறை வீட்டில் இருக்கிறார். மற்றவர், கானாக்காரர், நெடுஞ்சாலைக் கரையில் இரண்டு அறைக்குள் ஐந்து பேர். வாடகை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! வீட்டைப் பொறுத்துப் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்தைப் பொறுத்து வேலை. அந்த மூன்று பிள்ளைகளின் தலைவிதியை யாரோ இப்போதே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

மேற்பார்வையாளர் லிண்ட்னர் அம்மையார் படித்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: “அவர்களே விரும்பி அங்கே இருக்கலாமே. இல்லை என்று காட்ட முடியுமா உன்னால்?”

காட்டுகிறேன்.

8 ஒக்டோபர், சனி

எஃபுவாவோடு உட்கார்ந்து திட்டம் போட்டேன். அவளும் என்னோடு படிப்பவள். தாய் தகப்பன் கானா, அவள் பிறந்தது எசனில். பெயரைச் சொல்லும் வரைக்கும் தொலைபேசியில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. என் ஜேர்மனும் அப்படித்தான்.

பத்திரிகையில் வரும் வீட்டு விளம்பரங்கள் தொண்ணூற்றாறு. எஃபுவா தன் சொந்தப் பெயரில், ஃபிராவ் (திருமதி) போவாட்டெங் என்று முதலில் எடுப்பாள். இரண்டு மணித்தியாலம் கழித்து நான் ஃபிராவ் ஷ்னைடர் என்ற ஜேர்மன் பொய்ப் பெயரில் எடுப்பேன். இருவருக்கும் ஒரே கதை: கணவன் மனைவி இருவரும் வேலை, ஒரு பிள்ளை, நாய் பூனை இல்லை. வரச் சொன்னால் நேரம் குறித்துக்கொண்டு, அடுத்த நாளே மரியாதையாக எடுத்து, வேறு வீடு கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட வேண்டும். யாரையும் காக்க வைக்கக் கூடாது. இதை நானே என் கையால் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

“என் அக்காவுக்கு இந்த ஆராய்ச்சி தேவையில்லை, பதினொரு மாதமாக அவளே செய்துகொண்டிருக்கிறாள்” என்று சிரித்தாள் எஃபுவா. அட்வோவா அக்கா முதியோர் இல்லத்தில் தாதி. வீட்டுச் சுவரில் பூஞ்சணம், மகனுக்கு இழுப்பு. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

15 ஒக்டோபர், சனி

இன்றைய பத்திரிகையிலிருந்து இருபது விளம்பரம் வெட்டி ஒட்டினோம். 63ஆம் இலக்கம்: அல்டெனெசன், மேல்மாடி, மூன்று அறை, அமைதியான வீடு.

தொலைபேசி இலக்கம் எங்கள் வீட்டு இலக்கம்.

எங்கள் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்த எங்கடை தமிழ் ஆட்கள் ஓகஸ்டில் லண்டனுக்குப் போய்விட்டார்கள். அப்பா பத்திரிகையில் போடுவார் என்று நினைக்கவில்லை. “இதை எடுத்துவிடுவோமா?” என்றாள் எஃபுவா. வேண்டாம் என்றேன். விதி என்றால் விதி. வரிசையில் வந்ததை எல்லாம் கேட்க வேண்டும். அப்பாவை எனக்குத் தெரியாதா? எண்பத்தாறில் ஏழு மாதம் அகதி முகாமில் ஒற்றை அறையில் கிடந்து, வீடு தேடித் தேடிச் செருப்புத் தேய்ந்த மனுசன்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அட்டவணையில் ஒரு நல்ல வரி, அது எங்கள் வீட்டு வரியாக இருக்கட்டுமே என்று.

18 ஒக்டோபர், செவ்வாய்

எஃபுவா பத்து மணிக்குப் பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து எடுத்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். ஒரு நிமிடம்கூட இல்லை. ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் எழுதினாள்: 63 — இல்லை.

“லைடர் ஷோன் வெக்” என்றாராம். குறை நினைக்காதேங்கோ, போயிட்டுது. பெயரைக் கேட்டபிறகுதான் சொன்னாராம்.

உண்மையிலேயே யாருக்கும் கொடுத்திருப்பாரோ? காலமை தேத்தண்ணி குடிக்கேக்க ஒண்டும் சொல்லேல்லையே?

பன்னிரண்டு மணிக்கு நான் எடுத்தேன். குரலை மாற்றத் தேவையிருக்கவில்லை. ஏனென்றால் அப்பாவோடு நான் என் வாழ்க்கையில் ஒரு வசனம் ஜேர்மனில் பேசியதில்லை. எங்கள் வீட்டுச் சட்டம் அது: “சப்பாத்தோட சேத்து ஜேர்மனையும் வாசல்ல கழட்டிப்போட்டு வா.” ஆறு வயதிலிருந்து அப்படித்தான். அந்த மொழியில் நான் எப்படி இருப்பேன் என்று அவருக்குத் தெரியாது.

அந்த மொழியில் அவரை எனக்கும் தெரியாது. யா, ஃபிராவ் ஷ்னைடர். கேர்ன, சந்தோஷமாய், ஃபிராவ் ஷ்னைடர். பிள்ளைக்கு விளையாடத் தோட்டம் இருக்கு, ஃபிராவ் ஷ்னைடர். இவ்வளவு பணிந்த குரல் அப்பாவிடம் இருக்கிறதென்று இன்றுதான் கேட்டேன். சனிக்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொன்னார். வீடு போகவில்லை. இருக்கிறது.

63 — ஆம் என்று எழுதினேன். எழுத்து கோணலாக விழுந்தது.

இரவுச் சாப்பாட்டில் அப்பாவுக்கு வாயெல்லாம் பல், அம்மாவிடம் சொன்னார்: “ஒரு ஜேர்மன்காரி எடுத்தவ, கமலா. நல்ல மரியாதையான மனுசி. கதையிலயே தெரியுது, படிச்ச குடும்பம்.” நான் தந்த அலுவலக இலக்கத்தைத் தமிழ்க் கடைக் கலண்டரில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறார்.

20 ஒக்டோபர், வியாழன்

நேற்றே எடுத்து வரமாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். மற்ற எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். 63க்கு மட்டும் விரல் போக மாட்டேன் என்கிறது. அந்தக் குரலை இன்னொரு முறை கேட்க ஏலாது.

21 ஒக்டோபர், வெள்ளி

இன்றும் எடுக்கவில்லை. கோழை.

22 ஒக்டோபர், சனி

எழுதியே தீர வேண்டும்.

காலையில் எழும்பி வந்தால் அப்பா மாடிப்படி முழுவதும் துடைத்து முடித்திருந்தார். கல்யாண வீட்டுக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தார். அம்மாவுக்கு உத்தரவு: “இண்டைக்குத் தாளிக்கிற வேலை வேண்டாம், மணக்கும்.” படிக்கட்டுத் திருப்பத்தில் தொங்கும் பிள்ளையார் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். பேக்கரியில் வாங்கிய செரிப்பழக் கேக் வேறு.

பதினொன்று. பதினொன்றரை. யன்னலடியில் நின்றவர் நகரவில்லை. “ஜேர்மன்காரர் பிந்த மாட்டினம். வழியில ஏதும் நடந்திட்டுதோ தெரியாது, பாவம்.”

ஃபிராவ் ஷ்னைடருக்காகக் கவலைப்படுகிறார். என்ரை அப்பா.

“அவ வரமாட்டா அப்பா.”

“உனக்கெப்பிடித் தெரியும்?”

அவர் நம்ப மாட்டார் என்று தெரியும். அதனால் அந்த வசனத்தை அப்படியே சொன்னேன், வீட்டுக்குள், ஜேர்மனில், அதே குரலில்: வணக்கம், என் பெயர் ஷ்னைடர், உங்கள் வீட்டு விளம்பரத்தைப் பார்த்தேன்.

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். அலுமாரியைத் திறந்து பிள்ளையாரை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய ஆணியில் கொழுவினார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

“பெத்த தேப்பனை வைச்சுச் சோதினையோ, பிள்ளை?”

“நான் செய்தது பிழை. அடுத்த நாளே சொல்லியிருக்கவேணும். ஆனா அதுக்கு முதல் எடுத்த பிள்ளைக்கு ஏன் வீடு போயிட்டுது எண்டனீங்கள்?”

“நான் வெளிநாட்டான். என்ரை வீட்டை இந்த ரோட்டில எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கினம். மேல ஒரு ஜேர்மன் பேர் இருந்தா எங்களுக்கும் ஒரு மரியாதை. காப்பிலியளைக் கொண்டுவந்து வைச்சா என்ன சொல்லுவினம்?”

கறுப்பரை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல்! எத்தனை தரம் இந்த வீட்டில் கேட்டிருக்கிறேன், ஒரு நாளாவது நிறுத்தினேனா? இன்று நிறுத்தினேன். அந்தச் சொல்லை இனி என் முன்னால் சொல்ல வேண்டாம் என்றேன். கத்தித்தான் சொன்னேன்.

குசினிக்குள்ளிருந்து அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டே: “எங்களுக்கும் இதைத்தானே சொன்னவங்கள். ஷோன் வெக், ஷோன் வெக் எண்டு.”

ஒருவரும் கேக் வெட்டவில்லை.

27 ஒக்டோபர், வியாழன்

லிண்ட்னர் அம்மையாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காக்க வைத்ததற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன், வேண்டியதுதான். பிறகு சொன்னார்: ஆய்வு செய்பவருக்கு வேண்டிய ஆள் என்பதால் 63ஐ நீக்கலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வைத்தால் அடிக்குறிப்பு போட வேண்டும். “உன் முடிவு.”

நீக்கலாமாம். எவ்வளவு லேசு. ஒரு வரி, ஒரு பொத்தான்.

2 நவம்பர், புதன்

அப்பா இன்னும் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றாலும் அம்மா மூலம்தான் கேட்கிறார்.

ஆறு நாளாக யோசித்துவிட்டேன். அப்பா எஃபுவாவுக்கு ஆம் என்று சொல்லியிருந்தால் அந்த வரியை நீக்கியிருப்பேனா? மாட்டேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வைத்திருப்பேன். அப்படியானால் இப்போது நீக்குவது ஆராய்ச்சி அல்ல, அப்பாவுக்கு வெள்ளையடிப்பது. விடை தெரிய முதல் எடுத்த முடிவுதான் முடிவு.

வரி இருக்கும். அடிக்குறிப்பும் இருக்கும்.

எஃபுவாவிடம் சொன்னேன். “உன் அப்பா நல்லவரா கெட்டவரா என்று இந்தத் தாள் கேட்கவில்லை, சுபானி. வீடு கிடைத்ததா இல்லையா, அவ்வளவுதான்” என்றாள். பிறகு ஏன் அழுதேன் என்று தெரியவில்லை.

21 நவம்பர், திங்கள்

தொண்ணூற்றாறும் முடிந்தது. முப்பத்துநாலு இடத்தில் போவாட்டெங்குக்கு இல்லாத வீடு ஷ்னைடருக்கு இருந்தது. மறுபக்கமாக நடந்தது மூன்று.

4 டிசம்பர், ஞாயிறு

மேல்மாடி இன்னும் காலி. இரண்டு ஜேர்மன் சோடிகள் வந்து பார்த்தார்களாம். வாசலில் அப்பாவைக் கண்டதும் முகம் மாறியதென்று அம்மா சொன்னா. யோசித்துவிட்டு எடுப்பதாகச் சொல்லிப் போனவர்கள்தான்.

இன்று நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்க அப்பா பின்னால் வந்து நின்றார். ஆறு கிழமைக்குப் பிறகு நேரடியாக:

“அந்தப் பிள்ளை — முதல்ல எடுத்தவ — உண்மையா வீடு தேடினவவோ?”

“அவ இல்லை. அவவின்ரை அக்கா தேடுறா. ஒரு வருசமாச்சு.”

“என்ன வேலை?”

“முதியோர் இல்லத்தில தாதி. மகனுக்கு இழுப்பு, வீட்டுச் சுவரெல்லாம் பூஞ்சணம்.”

ம்ம் என்றுவிட்டுப் போய்விட்டார். ஆம் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. நானும் கேட்கவில்லை. கெஞ்சி வாங்கும் வீடாக அது இருக்கக் கூடாது.

14 ஜனவரி 2006, சனி

மேசையில் அட்டவணையை விரித்து வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். விரலால் தேடி 63இல் நிறுத்தினார்.

“இதில என்ரை பேர் இருக்கோ?”

“இல்லை. இலக்கம் மட்டும். அடிக்குறிப்பிலயும் ‘ஆய்வாளரின் உறவினர்’ எண்டுதான் போட்டிருக்கு.”

“என்னை மாதிரி எத்தினை பேர்?”

“முப்பத்துநாலு.”

“எல்லாரும் ஜேர்மன்காரரோ?”

“உங்களைத் தவிர.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். “இருபது வருசத்துக்கு முதல் ஒருத்தி இப்பிடி எழுதியிருந்தா எங்கடை பேர் மற்றப் பக்கத்தில நிண்டிருக்கும்” என்றார்.

அழிக்கச் சொல்லி அவர் கேட்கவேயில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

10 பெப்ரவரி, வெள்ளி

ஆய்வேட்டைக் கையளித்தாயிற்று. மூன்று பிரதி, நூற்றுப் பன்னிரண்டு பக்கம். பஸ் சாரதிகள் இருபத்தெட்டாம் பக்கத்தில், அப்பா எழுபத்தொன்றாம் பக்கத்தில்.

17 பெப்ரவரி, வெள்ளி

அப்பா வேலைக்குப் போகும்போது, சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே: “அந்தத் தாதிப் பிள்ளையின்ரை நம்பரைக் கலண்டரில எழுதிவிடு.”

எழுதிவிட்டேன். சிவப்பு மையால்.

4 மார்ச், சனி

அலுவலகத்து மேசையை ஒழிக்க எஃபுவாவும் வந்திருந்தாள். காலையிலிருந்தே அவள் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு, கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. “உனக்குத்தான், நீயே எடு” என்றாள்.

“குட்டன் டாக், ஃபிராவ் ஷ்னைடர். ஹியர் மகேந்திரராஜா.”

அப்பா. ஜேர்மனில். இந்தத் தடவை பணிவு இல்லை, சொல் சொல்லாகப் பாடமாக்கிப் பேசினார். பின்னால் எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம், அம்மா தாளித்துக்கொண்டிருந்தா. வேறு ஆட்களின் குரலும் கேட்டது, ஒரு சின்னப் பெடியன் படிக்கட்டில் ஓடி ஏறுகிற சத்தமும்.

“குட்டன் டாக், ஹேர் மகேந்திரராஜா” என்றேன். அப்பாவோடு முதன்முதலாக.

வீட்டு விஷயமாக எடுத்ததாகச் சொன்னார். அல்டெனெசன், மேல்மாடி, மூன்று அறை.

“லைடர் ஷோன் வெக், ஃபிராவ் ஷ்னைடர்.”