மாடி அறையும் மடக்கிய சீட்டும்

மார்ச் 6
ஒரு ஏரிக்கரையிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

நானும் மேனேஜரும் சுகம். நீ, உன் வீட்டுக்காரி எல்லோரும் சுகம்தானே? போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் உன் குரல் ஏறுகிறது, மூன்றாவது நிமிடம் நான் வைத்துவிடுகிறேன். அதனால்தான் இனிமேல் கடிதம் என்றேன். இதில் நீ எவ்வளவு கத்தினாலும் என் காது பிழைத்துக்கொள்ளும்.

காரின் பின் சீட்டை மடக்கி, பலகை போட்டு, மேலே மெத்தை விரித்திருக்கிறேன். கால் நீட்டிப் படுக்கலாம். அடுப்பும் பாத்திரமும் பலகைக்கு அடியில். ஜன்னலுக்குத் திரை தைத்துக் கொடுத்தது யார் என்று கேட்காதே, உன் வீட்டுக்காரியைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

முப்பத்தொரு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவள் ஒரு மரத்தையாவது நிதானமாகப் பார்த்திருப்பேனா? இப்போது மாட்டு வண்டிகூட என்னை முந்துகிறது. கை காட்டி வழிவிடுகிறேன். ஆஸ்பத்திரி ஷெட்டில் என்னோடு ஒன்பது வருடம் குப்பை கொட்டிய நாய்தான் மேனேஜர் என்பது உனக்குத் தெரியும். ஒரு வேலையும் செய்யாமல் முன் சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்கிறது. பெயர் பொருத்தம் அப்படி.

பதிலை அடுத்த ஊர் தபால் நிலையத்துக்குப் போடு, ஊர்ப் பெயரை ஒவ்வொரு தடவையும் உறையில் எழுதிவிடுகிறேன். போய் வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். கத்தவில்லை, கேட்கிறேன். உனக்கு என்ன குறை வைத்தேன்?

அம்மா போனபோது எனக்கு எட்டு வயது. தலைவாரி, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டு, கையெழுத்துப் போட்டு வளர்த்தவள் நீ. நீ வேலையை விட்டு வரும்போது ஓர் அறையாவது தயாராக இருக்க வேண்டும் என்று மாடியைக் கட்டினேன். உன் உயரத்துக்கு அலமாரி, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, காற்று வருகிற பக்கம் ஜன்னல். நீ வந்து எட்டிப் பார்த்து, "நல்லாருக்குடா" என்று சொல்லிவிட்டுக் கார் சாவியை எடுத்தாய்.

என் கடைக்கு மூக்குக்கண்ணாடி வாங்க வருகிறவர்கள் பார்வைக் குறையைச் சொல்வதற்கு முன் உன்னைத்தான் விசாரிக்கிறார்கள். "அக்கா இன்னும் கார்லதான் இருக்காங்களா?" ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தனியாகக் கிடக்கும்போது யாராவது கதவைத் தட்டினால் என்ன செய்வாய்?

உன்,
தம்பி

ஏப்ரல் 2
ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில்

அன்புள்ள தம்பிக்கு,

தட்டினார்களே! போலீஸ்காரர் ஒருவர். கண்ணாடியை இறக்கினேன். உள்ளே எட்டிப் பார்த்து, "யாரும்மா அது?" என்றார். "மேனேஜர் சார்" என்றேன். மேனேஜர் ஒரு கொட்டாவி விட்டது. "சரி, அவர் பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். பாதுகாப்பான இடம் எது என்று மறுநாள் அவரே வந்து காட்டினார்.

இங்கே காலையில் ஆற்றில் முகம் கழுவி, டீ போட்டுக் குடித்து, எங்கே போவது என்று யோசிக்கவே பத்து மணி ஆகிவிடுகிறது. இப்படி ஒரு சுகம் இருப்பதை யாரும் என்னிடம் சொல்லவே இல்லை.

நீ குறை எதுவும் வைக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அடுத்த வாரம் வருகிறேன், மூன்று நாள் உன் மாடியிலேயே இருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

நான் கிளம்பும்போது நீ கடையை விட்டு வெளியே வரவில்லை. கோபம் நியாயம்தான். மாடியில் இருக்கிறேன் என்று சொன்னவள், வந்த முதல் ராத்திரியே வாசலில் நிறுத்திய காரில் போய்ப் படுத்துக்கொண்டேன். காலையில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து உன்னிடம், "அக்காவுக்கும் உங்களுக்கும் ஏதாவது மனஸ்தாபமா சார்?" என்று கேட்டபோது உன் முகம் போன போக்கை நான் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

மேனேஜருக்கு இடுப்பு வலி, படி ஏறாது என்று உன்னிடம் சொன்னேன். அது பாதி உண்மை. மீதியை எழுதுகிறேன்.

வேலையில் இருந்தவரை நான் தூங்கியதெல்லாம் அறைகளில்தான். டிரைவர் அறை, வீட்டு அறை, எங்கே படுத்தாலும் ஒரு மணி அடிக்கும், இல்லையென்றால் யாராவது கதவைத் தட்டுவார்கள். எழுந்து ஓடினால் அங்கே ஒருவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருப்பார். உன் அறையில் மெத்தை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் காது மட்டும் தூங்கவில்லை. படுத்த கொஞ்ச நேரத்தில் கீழே வாசல் மணி அடித்தது, பக்கத்து வீட்டுக்காரரோ யாரோ. நான் செருப்பை மாட்டிக்கொண்டு பாதிப் படி இறங்கிவிட்டேன். காரில் அப்படி இல்லை. அங்கே என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.

உன்னை வேண்டாம் என்று நான் போகவில்லை. அதை மட்டும் நம்பு.

அக்கா

மே 11
ஒரு மலையடிவாரம்

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு ஊர் தபால் நிலையத்திலும் கேட்டேன், உன் கடிதம் இல்லை. இரண்டாவது ஊரில் இருந்த அம்மா எனக்காகப் பை முழுவதையும் கொட்டித் தேடினார். பாவமாகிவிட்டது.

நாங்கள் சுகம். மேனேஜர் ஒரு தவளையைத் துரத்தித் தோற்றது. நேற்று மழை கார் கூரையில் தடதடவென்று அடித்தும் நான் எழுந்திருக்கவே இல்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறேன், உன் கையெழுத்தைப் பார்க்காத ஒரு குறைதான். திட்டியாவது எழுது.

அக்கா

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். கோபத்தில் எழுதாமல் இருந்தது ஒரு மாதம். அதற்கப்புறம் வேலை முடியட்டும் என்று எழுதவில்லை.

உன் ஏப்ரல் கடிதத்தைப் பத்து தடவையாவது படித்திருப்பேன். என் சின்ன வயதில் நீ நடுச்சாப்பாட்டில் கையை உதறிவிட்டு ஓடுவாய். தட்டை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். அக்காவுக்கு வேலை அப்படி என்று நினைத்தேனே தவிர, அக்காவுக்குத் தூக்கம் இல்லை என்று ஒரு நாளும் தோன்றவில்லை. ஊரார் கண்ணையெல்லாம் சோதித்து என்ன பிரயோஜனம்?

மாடி அறையில் கண்ணாடிப் பெட்டிகளை அடுக்கியாயிற்று. என் வீட்டுக்காரிக்கு ஏக சந்தோஷம், அந்த இடத்தின் மேல் அவளுக்கு முதலிலிருந்தே ஒரு கண். வாசலில் உன் காருக்குக் கூரை போட்டிருக்கிறேன். பின்கதவு முழுதாகத் திறக்கிற உயரம். கதவுப் பக்கம் தூண் கிடையாது. பக்கத்தில் ஒரு குழாய், விளக்குக்கு ஒரு பிளக். அங்கிருந்து வீட்டுக்குள் வரப் படியை உடைத்துச் சரிவாக்கிவிட்டேன், மேனேஜர் கௌரவமாக நடந்து வரலாம்.

வாசல் மணியைக் கழற்றிப் பின்பக்கம் மாட்டிவிட்டேன். முன்னால் வருகிறவர்கள் சுற்றிப் போகட்டும். பக்கத்து வீட்டுக்காரர் கூரையைப் பார்த்து, "யாருக்கு சார்?" என்றார். "எங்க அக்காவோட ரூம்" என்றேன்.

எப்போது வருகிறாய் என்று கேட்க மாட்டேன். வந்தால் காலையில் காப்பிக்கு எழுப்பலாமா, கூடாதா என்று மட்டும் எழுது.

உன்,
தம்பி

ஜூன் 10

அன்புள்ள தம்பிக்கு,

தபால் நிலைய வாசலில் நின்றபடியே படித்து, அங்கேயே அழுதும் தொலைத்தேன். மேனேஜர் மட்டும் கண்டுகொள்ளவில்லை.

கிளம்பிவிட்டோம். வழக்கம்போல ஊர்ந்துதான் வருவோம், வழி பார்த்து நிற்காதே.

காப்பிக்கு எழுப்பலாம். கண்ணாடியைத் தட்டாதே. பக்கத்தில் வந்து "அக்கா" என்று கூப்பிடு. நீ கூப்பிட்டால் எழுந்துகொள்ள எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

அன்புடன்,
அக்கா