இருபத்து மூன்றாவது படம்

மூங்கில்துறைப்பட்டு
டிசம்பர் 7, ஞாயிறு

அன்புள்ள அனிட்டாவுக்கு,

தமிழ்மொழி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கப்போகும் சிஸ்டர் அவர்களுக்கும் என் வணக்கம். சிஸ்டர், உங்கள் முகம் எனக்குத் தெரியாது. ஆனாலும் உங்களுக்கும் சேர்த்தே எழுதினால் பயம் கொஞ்சம் குறைகிறது. இதில் தவறாக எதுவும் இல்லை. ஒரு சிலந்தியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

போன வாரம் களமருதூரில் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் அப்பா ஏணி மேல் நின்று கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார். உன் அம்மா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "உங்க பொண்ணு இருந்தா இந்நேரம் நாலு போட்டோ எடுத்திருப்பா, நீங்க வயிறு தெரியுதுன்னு கத்தியிருப்பீங்க" என்றார்கள். அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. இப்போது கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம், வந்த கடிதத்தையெல்லாம் மடத்தில் கிறிஸ்துமஸ் அன்றுதான் மொத்தமாகக் கொடுப்பார்கள் என்று அவர்கள்தான் சொன்னார்கள். நான் கேட்க வந்ததற்கு உன் பதில் நேரத்துக்கு வராது என்று அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் எழுதுகிறேன். உன்னைத் தவிர யாரிடமும் இதைக் கேட்க முடியாது.

போன தை மாதம் நாம் வெள்ளிமலைக்குப் போனபோது, மரவள்ளி இலையில் ஒரு சிலந்தியை எடுத்தோமே, அரிசி அளவில் ஒன்று, அந்தப் படத்தை நான் ஒரு இயற்கைக் குழுவில் போட்டிருந்தேன். அதைப் பார்த்து ராதிகா என்று ஒரு மேடம் போன் செய்தார்கள். கல்வராயன் மலையில் பூச்சி, சிலந்தி எல்லாவற்றையும் கணக்கெடுக்கும் குழுவில் இருக்கிறார்கள். இந்த வகைச் சிலந்திக்குக் கண்ணுக்கு மேலே இரண்டு வெள்ளை முடி இருக்க வேண்டுமாம். என் படத்தில் ஒன்றுதான் இருக்கிறதாம். "இது வேற வகையா இருக்கலாம்மா. இதுவரைக்கும் யாருமே பாக்காததா கூட இருக்கலாம். எடுத்த அத்தனை படத்தையும் அப்படியே அனுப்பு" என்றார்கள். வரும் தை முதல் ஒரு வருடம் மலையில் படம் எடுக்க அவர்களுக்கு ஆள் வேண்டும், என் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். பதினைந்தாம் தேதிக்குள் படங்கள் போக வேண்டும்.

அப்பா ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன இடத்தில் டிராக்டர் வரிசை முழுக்கச் சொல்லிவிட்டார். "என் பொண்ணு புதுசா ஒரு சிலந்தி கண்டுபுட்ச்சிருக்கா" என்றாராம். பக்கத்து வண்டி பழனி மாமா, "எங்க வூட்ல மூலைக்கு மூலை கீது காசி, வந்து எடுத்துக்கினு போவச் சொல்லு" என்றிருக்கிறார். அம்மாவுக்கு மட்டும் நம்பிக்கை இல்லை. கள்ளக்குறிச்சியில் அரங்கநாதன் ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் திருத்த ஆள் கேட்கிறார்கள், நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை, அதை விட்டுவிட்டு மலையில் என்ன என்கிறாள். "பட்டம் வாங்கினது பூச்சி பின்னாடி போறதுக்கா?" என்று கேட்டுவிட்டு, அவளே என் நெற்றியில் முடியை ஒதுக்கிவிட்டாள்.

சிஸ்டருக்கு ஒன்றை விளக்க வேண்டும். அனிட்டா சொல்லியிருக்க மாட்டாள். அவ்வளவு சின்ன உயிரை அவ்வளவு பக்கத்தில் எடுக்கும்போது ஒரு மயிரிழை ஆழம்தான் தெளிவாக விழும். கண் தெளிவாக இருந்தால் கால் புகையாகிவிடும். அதனால் கேமராவைத் திருகு வைத்த ஒரு சின்னத் தண்டவாளத்தில் வைத்து, ஒரு சுற்றுச் சுற்றி ஒரு படம், இன்னொரு சுற்று, இன்னொரு படம் என்று துளித்துளியாக முன்னே நகர்த்துவோம். பிறகு கம்ப்யூட்டர் ஒவ்வொரு படத்திலும் தெளிவான இடத்தை மட்டும் எடுத்து ஒன்றாக அடுக்கிவிடும். நடுவில் சிலந்தி அசையக் கூடாது, காற்று அடிக்கக் கூடாது, நம் கையும் ஆடக் கூடாது. ஏதாவது ஒன்று அசைந்தால் ஒரு முடி இரண்டாகத் தெரியும். அந்த இரண்டாவது, முடியின் ஆவி மாதிரி. அதை நாங்கள் அழித்துவிடுவோம்.

அடுக்குவதற்கு முன்னால் அந்தப் படங்களை வரிசையாக ஓட்டிப் பார்ப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடிக்கும். முதல் படத்தில் முன்கால் நுனியில் ஒரு பனித்துளி மட்டும். மற்றதெல்லாம் பச்சையும் பழுப்புமாக மூட்டம். அடுத்து அந்தத் துளி கரைந்துபோகும், மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கண் வரும். கருப்புக் கிணறு மாதிரி, அதற்குள் வானம் இருக்கும். அதுவும் போய்விடும், முதுகு வரும். நாம் ஒரு வீட்டுக்குள் நடந்துபோகிற மாதிரியும், நாம் நுழைகிற அறையில் மட்டும் விளக்கு எரிகிற மாதிரியும் இருக்கும். கடைசியில் சிலந்தியைத் தாண்டி இலை நரம்புக்கு வந்து நிற்போம். நான் பல காலைகள் அந்த நரம்பில் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கு நீ குடையைக் காற்றுக்குத் தடுப்பாகப் பிடித்திருந்தாய். இன்னொரு கையில் பூதக்கண்ணாடி. நான் எண்ணிக்கொண்டே எடுத்தேன். இருபத்து மூன்று என்று சொன்னபோது நீ மெதுவாக, "தமிழு, நான் ஜூன்ல மடத்துல சேரப்போறேன்டி, அம்மாவுக்கே இன்னும் சொல்லல" என்றாய். நான் திரும்பவில்லை. திரும்பினால் இலை ஆடும். ம் என்று மட்டும் சொல்லி, அடுத்த சுற்றுச் சுற்றினேன். இன்னும் பதினைந்து படம் எடுத்தேன். இடையில் ஒரு முறை, குடையைக் கொஞ்சம் தள்ளிப் பிடி என்றேன். கீழே இறங்குகிற பஸ்ஸில் நீ என் தோளில் தூங்கிவிட்டாய்.

வீட்டுக்கு வந்து அடுக்கியபோது கண்ணுக்கு மேலே இரண்டு முடி தெரிந்தது. ஒன்று தெளிவாக, அதன் பின்னால் ஒன்று. வரிசையில் பார்த்தால் இரண்டாவது முடி இருபத்து மூன்றிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. நீ சொன்னபோது என் கை ஆடிவிட்டது என்று நினைத்தேன். அந்த ஆட்டம் படத்தில் இருக்க வேண்டாம் என்று தோன்றியது. இரண்டாவது முடியை அழித்துவிட்டேன். அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் இடம் போதாததால் முப்பத்தெட்டுப் படத்தையும் மறுநாளே நீக்கிவிட்டேன். இப்போது முடியை அழித்த அந்த ஒரு படம் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.

அனிட்டா, நீ பூதக்கண்ணாடியில் பார்த்தாய் அல்லவா? ஒன்றா, இரண்டா? இரண்டு என்றால் நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒன்றை இல்லாமல் ஆக்கியிருக்கிறேன், அவ்வளவுதான். மூலப் படங்கள் தொலைந்துபோயின என்று மட்டும் மேடத்திடம் சொன்னால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரிகிறது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. நேற்று நான் மட்டும் மலைக்குப் போய் வந்தேன். தனியாகப் போவது இதுவே முதல் முறை. கள்ளக்குறிச்சியில் முதல் பஸ் பிடித்தேன். கண்டக்டர் "வெள்ளிமலைல யாரு கீறாங்க?" என்று கேட்டார். சிலந்தி என்று சொல்ல வாய் வரவில்லை. சொந்தக்காரர் என்றேன்.

வளைவுகளில் மேகம் பஸ்ஸுக்குள் வந்துவிட்டது. ஜன்னல் கம்பியில் துளித்துளியாகக் கோத்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளின் முகம் தெரிந்தது, அதற்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. பஸ் நகர நகர ஒரு மரம் வந்தது, போனது. ஒரு மாடு வந்தது, போனது. இறங்க மனமே வரவில்லை.

அந்த மரவள்ளிக் கொல்லைக்காரர் பாவாடை அண்ணனுக்கு என்னை நினைவிருந்தது. "இன்னா பாப்பா, சிலந்திக்கு ஆதார் கார்டா எடுக்கறே?" என்று கேட்டார். பிறகு, "போன தபா ரெண்டு பேரா வந்தீங்களே, குடை புட்ச்சிக்கினு நின்ன பொண்ணு எங்க?" என்றார். போய்விட்டாள் என்றேன். "அதுக்குள்ளயா? மாப்ள எந்த ஊரு?" என்றார். தூரம் அண்ணா என்றேன். சிஸ்டர் மன்னிக்க வேண்டும்.

மூன்று மணி நேரம் தேடினேன். எறும்பு, இலைப்பூச்சி, பனியில் நனைந்து பறக்க முடியாமல் தூங்கிக்கொண்டிருந்த ஒரு தும்பி. பத்து மணிக்கு மேல் மூட்டம் கலையத் தொடங்கியபோது, வேலி ஓரத்து இலையின் அடிப்பக்கத்தில் அது இருந்தது. அதே நிறம், அதே அளவு. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தது. பூதக்கண்ணாடியைப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

இரண்டு, அனிட்டா. கண்ணுக்கு மேலே ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு. முன்னாலிருப்பது கொஞ்சம் நீளம். பின்னாலிருப்பது உள்ளே தள்ளி இருப்பதால் நடுவில்தான் தெளிவுக்கு வருகிறது. அதனால்தான் அன்றைக்கு இருபத்து மூன்றில் ஆரம்பித்தது.

குடை பிடிக்க ஆள் இல்லாததால் இலைக்காம்பைத் துணி மாட்டும் கிளிப்பால் ஒரு குச்சியோடு சேர்த்துக் கட்டி, துப்பட்டாவை வேலியில் விரித்துக் காற்றை மறைத்தேன். நாற்பத்தொரு படம். அது கடைசி வரை அசையவில்லை. முடித்த பிறகு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். வேலை போய்விடுமே என்று வருத்தப்பட வேண்டிய நேரம் அது. எனக்கு வேறு ஒன்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது. தை மாதம் என் கை ஆடவில்லை. நீ சொன்னபோது நான் ஆடவே இல்லை. அது எப்படி என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

டிசம்பர் 17, புதன்

பதினைந்தாம் தேதி காலையில் நாற்பத்தொரு படத்தையும் ராதிகா மேடத்துக்கு அனுப்பினேன். பழைய படத்தில் ஒரு முடியை நானே அழித்ததையும் எழுதினேன். அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டேன். மதியம் அவர்கள் அழைத்தார்கள். திட்டவில்லை. "ஏம்மா அழிச்சே?" என்றார்கள். கை ஆடிவிட்டது என்று நினைத்தேன் மேடம் என்றேன். "மத்ததெல்லாம் ஊசி மாதிரி நிக்குதே, அங்க மட்டும் ஏன் ஆடுச்சுன்னு நினைச்சே?" என்றார்கள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை.

நேற்று மாலை மறுபடியும் பேசினார்கள். புதுச் சிலந்தி என்று சொல்லித்தான் குழுவில் என் பெயரைச் சேர்த்தார்களாம். இப்போது பொறுப்பில் இருப்பவர், படத்தை மாற்றுகிற பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். வேறு ஒருவரை எடுத்துவிட்டார்கள். மேடத்தின் குரல் தழைந்திருந்தது. நாற்பத்தொரு படமும் கணக்கெடுப்புப் பட்டியலில் இருக்கும், கீழே என் பெயரும் மலையின் பெயரும் இருக்கும் என்றார்கள். சரிங்க மேடம் என்றேன்.

அப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பீடியைப் பற்ற வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு, "ஒண்ணு இருக்கற இடத்துல ரெண்டு இருந்தா ஜாஸ்திதானே? கம்மியா இருந்தாத்தானே கொறை? அவங்களுக்கு இன்னா வந்துச்சாம்?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அம்மாவும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளன்னிக்கே போய் அரங்கநாதனப் பாத்துட்டு வந்துடலாம்" என்றாள்.

வரும் திங்கள் முதல் ஸ்டூடியோவில் வேலை. நேற்று இரவே அரங்கநாதன் போனில் வேலையைச் சொல்லிவிட்டார். மணப்பெண்ணின் கன்னத்தில் பரு, கழுத்தில் சுருக்கம், மாப்பிள்ளையின் நரை, பின்னால் நிற்கும் வேண்டாத சொந்தக்காரர், எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். நான் நன்றாகச் செய்வேன் என்று தெரியும். ஞாயிறு லீவு. முதல் பஸ்ஸில் ஏறினால் மூட்டம் கலைவதற்குள் மேலே போய்விடலாம்.

நீ அங்கே மகிழ்ச்சியாக இருக்கிறாய் என்று உன் அம்மாவுக்கு எழுதியிருக்கிறாயாம். அந்த வரியை எனக்கும் படித்துக் காட்டினார்கள். படித்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள். அனிட்டா, அது அப்படியே உண்மையென்றால் எனக்கும் அப்படியே எழுது. நான் நம்புவேன், நிம்மதியாக இருப்பேன். காலை ஜெபத்தில் கால் மரத்துப்போகிறது என்றாலும், யாரோடும் பேச முடியாமல் இருக்கிறது என்றாலும், எங்களை நினைக்க நேரமே இல்லை என்றாலும் எழுது. தை மாதம் நான் ம் என்று மட்டும் சொன்னது உனக்கு வலித்ததா என்பதையும் எழுது. சிஸ்டர், தயவுசெய்து அவளை எழுத விடுங்கள். அவள் எழுதுவதில் ஒரு எழுத்தைக்கூட நான் அழித்துவிட்டுப் படிக்க மாட்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று நீ பாடும்போது உன் குரல் நன்றாக இருக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள்.

உன்,
தமிழ்மொழி