அந்த நீல ஓடை திர்சா செய்ததில்லை

மிசௌரி,
நவம்பர் 3

அன்பு மகள் லியாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நான், அப்பா, உன் தங்கை திர்சா, தம்பி எஸ்றா, நரி விட்டுவைத்த பதினாலு கோழி, எல்லாரும் சுகம். நியூசிலாந்தில் நீயும் நீ வளர்க்கிற கன்றுக்குட்டிகளும் அப்படியே இருக்கணும்னு தினமும் ஜெபத்தில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். உன் அத்தை கொரீனும் டென்னசியில் பரம சுகம், அவளுக்கு என்ன கேடு.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அத்தையோட இன்டர்நெட் பக்கத்தில் திர்சா செஞ்ச ஓடையைப் பார்த்தேன், எவ்வளவு சுத்தமான வேலை, அந்த நீலம் அப்படியே கண்ணிலேயே நிக்குது, பத்து வயசில் எனக்கு அப்படி வரலையேம்மா, அவகிட்டே நான் பாராட்டினதைச் சொல்லுன்னு எழுதியிருக்கிறாய். சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அந்தக் கடிதத்தை அவள் கண்ணில் படாமல் மாவு டப்பாவுக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறேன். அந்த நீல ஓடை திர்சா செய்ததில்லை. அதைச் செய்த ரெண்டு பேரில் ஒருத்தி உன் அத்தை, இன்னொருத்தி யார் என்று சொல்கிறேன், பொறு.

மே மாத வெள்ளத்தைப் பற்றி உனக்கு போனில் சொன்னேன், ஓடையோரத்துப் பண்ணை ஹார்லன் டட்டிலுக்கு ஏழு மாடு போனதையும் சொன்னேன். அது வடிந்த பிறகு நம்ம திர்சா கணக்குப் புத்தகத்தையெல்லாம் மூடி வைத்துவிட்டு, கொட்டகையில் பழைய கதவு ஒன்றை மரத் தாங்கிகள் மேல் கிடத்தி, அதன் மேல் அந்த வெள்ளத்தையே சின்னதாகச் செய்ய ஆரம்பித்தாள். நீ வீட்டில் என்னிடம் படித்த காலத்திலிருந்தே எனக்கு இந்த விஷயத்தில் ஒரே சட்டம்தான், பிள்ளை தானாக ஒன்றைத் தொட்டால் அன்றைக்கு அதுதான் பாடம், நான் குறுக்கே போகக்கூடாது. அதனால் நானும் பேசாமல் இருந்தேன். அட்டை, தீவனச் சாக்கு, முட்டை வைக்கிற தட்டு, ஊறவைத்த செய்தித்தாள், மைதாப் பசை, ஓடையிலிருந்தே வாளி வாளியாகக் கொண்டுவந்த சேறு. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது, லியா, பொய் சொல்ல மாட்டேன். மொத்தமும் மண் நிறம். நாற்றம் வேறு. ஆனால் நம்ம பள்ளத்தாக்கில் இருக்கிற ஒவ்வொரு வீடும் அதில் இருந்தது, எந்த வீட்டில் எந்த ஜன்னல் வரைக்கும் தண்ணீர் ஏறினது என்பது முதற்கொண்டு. ஹார்லனுக்கு இது எப்படியோ காதுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் நேரே நம்ம கொட்டகைக்கு வர ஆரம்பித்தார். அந்த மனுஷர் பெண்டாட்டி செத்ததற்குக்கூட யாரிடமும் வாய் திறந்து அழாதவர். இவள் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, இந்த மாடு இந்த வேலியில் மாட்டிக்கிட்டுக் கிடந்துச்சு, இது பாலத்துக்கு அடியில, க்வீனியை மட்டும் பத்து அடி உசரத்துல மரக்கிளை நடுவுல கண்டுபிடிச்சோம், நாலு காலும் தொங்கிக்கிட்டு இருந்துச்சுன்னு ஒவ்வொன்றாகச் சொல்வார். அவள் கம்பியை வளைத்து, காகிதக்கூழ் அப்பி, ஒவ்வொரு மாட்டையும் அவர் சொன்ன இடத்திலேயே வைப்பாள். கொம்பு இப்படி இல்லைம்மா, இடது கொம்பு கொஞ்சம் உள்ளே மடங்கியிருக்கும்னு அவர் சொன்னால் பிய்த்துவிட்டுத் திரும்பச் செய்வாள். மூன்று மாசம் இப்படி.

செப்டம்பரில் கொரீன் வந்து இறங்கினாள். வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கிற அம்மாக்கள் முப்பதாயிரம் பேர் அவள் பக்கத்தைப் பார்க்கிறார்களாம். உண்மையான கிராமத்து வீட்டுப்படிப்பு எப்படி நடக்குதுன்னு ஒரு வாரம் தங்கி எழுதப் போகிறேன்னு வந்தாள். கூடவே ரெண்டு பெட்டி. ஒன்றில் அவள் துணி, இன்னொன்றில் நம்ம பிள்ளைகளுக்கு ஓட்ஸ் கஞ்சி நிறத்தில் சட்டை, கவுன். எஸ்றா அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, யாராவது செத்துட்டாங்களாம்மான்னு கேட்டான். படத்தில் விழக்கூடாதென்று கொரீன் மேஜை மேலிருந்த பிளாஸ்டிக் டம்ளரையெல்லாம் அலமாரிக்குள் ஒளித்து வைத்தாள். பிள்ளைகள் அவரைக்காய் உரிக்கிற மாதிரி ஒரு படம், உரித்து முடித்த காயைத் திரும்பக் கூடையில் போட்டு இன்னொரு படம். அவளுக்கு நாலு பிள்ளைகள். நாலும் தண்ணி வர்ணத்தில் இலை வரையும், அந்த இலை எந்த மரத்து இலைன்னு கேட்டால் நாலும் அம்மா முகத்தைப் பார்க்கும். இவள்தான் முப்பதாயிரம் பேருக்குப் பிள்ளை வளர்ப்பு சொல்லித் தருகிறாள்.

கொட்டகைக்குள் போய் திர்சா செஞ்சதைப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். அன்றைக்கே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, டார்லா, பிள்ளைக்குக் கை இருக்கு, கொஞ்சம் வழிகாட்டத்தான் ஆளில்லை, சனிக்கிழமை வீட்டுப்படிப்புப் பிள்ளைங்க கண்காட்சியில இது இப்படியே போய் நின்னா ஜனங்க என்ன நினைப்பாங்க, உன்னை மாதிரி ஒரு அம்மாவை உலகம் பார்க்கணும்னு சொன்னாள். நான் உருகிப்போனேன். உனக்குத் தெரியும், இருபது வருஷமாகக் கடை வாசலில் நிற்கிற ஒவ்வொருத்தியும், பிள்ளைங்களை ஸ்கூலுக்கே அனுப்பாம என்ன பண்ணப் போறே டார்லான்னு கேட்டுக் கேட்டு என்னைத் தின்றிருக்கிறார்கள். அவளுக முன்னால் ஒரு நாளாவது தலை நிமிர்ந்து நிற்கணும்னு எனக்கும் ஒரு அற்பப் புத்தி. நாமே கொஞ்சம் அழகுபடுத்திடலாம்னு அவள் சொன்னதும் சரின்னு தலையாட்டிவிட்டேன்.

புதன்கிழமை அப்பா திர்சாவைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்த மூன்று மணி நேரத்தில் காரியத்தை முடித்தோம். கொரீன் வீட்டுக் கூரைகளுக்கெல்லாம் வெள்ளை அடித்தாள். செத்த மாடு பார்த்தா சின்னக் குழந்தைங்க பயந்துடும்னு ஏழு மாட்டையும் பிடுங்கி, மரத்தில் தொங்கின க்வீனி உட்பட, குப்பை எரிக்கிற பீப்பாயில் போட்டுக் கொளுத்தினாள். மாட்டுக்குப் பதிலாகக் கம்பளித் துணியில் செய்த ஆட்டுக்குட்டிகளைப் பையிலிருந்து எடுத்து ஒட்டினாள், அது எப்போதும் அவள் பையிலேயே இருக்குமாம், அவசரத்துக்கு உதவுமாம். ஓடைக்கு நீலம் அடித்தது நான். ஆமாம், நான்தான். அரை மணி நேரம் குனிந்து நின்று, ஓரம் பிசிறு இல்லாமல், ரெண்டு தடவை சாயம் அடித்தேன். அவள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தாள். பாட்டு வேறு முணுமுணுத்தேன் என்று எஸ்றா சொல்கிறான்.

திர்சா பாதி வாய் மரத்துப்போய்த் திரும்பி வந்தாள். அந்தக் கதவுப் பலகையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். மாடு எங்கேன்னு மட்டும் கேட்டாள். அதெல்லாம் ரொம்ப சோகம்டி செல்லம், ஜனங்க சந்தோஷமாப் பார்க்க வேண்டாமான்னு கொரீன் கொஞ்சினாள். இவள் நேரே பீப்பாயிடம் போய்க் குச்சியால் சாம்பலைக் கிளறினாள். சில கம்பிக் கால்கள்தான் கிடைத்தது. ராத்திரி சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளி வைத்தாள். பல் வலி போல இருக்குன்னு நான் எனக்கே சொல்லிக்கொண்டேன், என் மூளை எவ்வளவு வசதியாக வேலை செய்கிறது பார்.

சனிக்கிழமை சபை மண்டபத்தில் கண்காட்சி. சர்க்கரைக் கட்டியில் கட்டின எகிப்துப் பிரமிடு மட்டும் பதினொன்று இருந்தது, பதினொன்றும் அப்பன்மார் கட்டினது, ஒரு பிள்ளை விரல்கூட அதில் ஒட்டவில்லை. ஏழு வயசுப் பையன் செய்த நீராவி இயந்திரம் என்று ஒன்று இருந்தது, அதைப் பற்றிக் கேட்டால் அந்தப் பையனுடைய அப்பா பதில் சொல்கிறார். கொரீன் நம்ம பலகைக்கு அமைதியான ஓடை, திர்சா ஸ்ட்ரௌட், வயது பத்து என்று அழகான எழுத்தில் அட்டை எழுதி வைத்திருந்தாள். பக்கத்து ஊர் நூலகத்தில் கதை வாசிக்கிற அம்மாதான் நடுவர். அவர் எல்லாவற்றையும் பார்த்து, இதமா இருக்கு இதமா இருக்குன்னு சொல்லிக்கொண்டே வந்து முதல் பரிசு ரிப்பனை நம்ம பலகைக்குத்தான் அறிவித்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் ஹார்லனைப் பார்த்தேன். நல்ல சட்டை போட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, குனிந்து குனிந்து பலகையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அப்புறம் நிமிர்ந்து, திர்சா, என் க்வீனி எங்கேம்மான்னு கேட்டார், சத்தமாக இல்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

திர்சா நடுவரிடம் திரும்பினாள். முகத்தில் அழுகை கிடையாது, கோபம் கிடையாது. மேடம், இது நான் செஞ்சது இல்லை, நான் செஞ்சது மண் கலர்ல இருந்துச்சு, இது எங்க அத்தையும் அம்மாவும் செஞ்சது, ரிப்பனை அவங்களுக்குக் குடுங்க, ரொம்ப கஷ்டப்பட்டாங்கன்னு சொன்னாள். மரியாதையாகச் சொன்னாள், லியா, நான் சொல்லிக்கொடுத்த அதே மரியாதையோடு. நடுவர் ரிப்பனைப் பிடித்துக்கொண்டு எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறார். உன் அத்தை என்ன பண்ணினாள் தெரியுமா, சிரித்துக்கொண்டே கையை நீட்டிவிட்டாள். வாங்கிக்கொண்டாள்! அன்றைக்கு மத்தியானமே காரில் ஏறிப் போனவள், வீடு போய்ச் சேருவதற்குள், வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளின் நேர்மையைப் பாருங்கள்னு ஒரு கட்டுரை போட்டிருக்கிறாள், நீ பார்த்த அந்த நீல ஓடைப் படத்தோடு. ஆட்டுக்குட்டிகள் எங்கே வாங்கினீங்கன்னு அதற்குக் கீழே நூறு பேர் கேட்டிருக்கிறார்கள். பார்க்கிறவளுகளும் அவள் லட்சணம்தான்.

அவளை நான் காறித் துப்புவதற்கு உலகத்தில் இடம் போதாது. ஆனால் காரில் வரும்போது உன் அப்பா, வாயைத் திறக்காத அந்த மனுஷர், என் தங்கச்சியைத் திட்டணும்னா திட்டிக்கோ டார்லா, ஆனா பிரஷ்ஷை அவ உன் கையில கட்டி வைக்கலைன்னு சொன்னார். மறுநாள் ஆப்பிள் பை பலகாரம் ஒன்று சுட்டு எடுத்துக்கொண்டு ஹார்லன் வீட்டுக்குப் போனேன். நான் சொன்ன மன்னிப்பை அவர் கதவுக்குள்ளேயே நின்று கேட்டுக்கொண்டார். வெள்ளம் ஒரு தடவை என் மாட்டை அடிச்சுட்டுப் போச்சு, அது அறிவில்லாத தண்ணி, விட்டுட்டேன், ரெண்டாவது தடவை கொண்டுபோனது நீங்க டார்லான்னு சொன்னார். அந்தப் பலகாரத்தை வாங்கவில்லை. வரும் வழியெல்லாம் அது என் மடியில் சூடாக இருந்தது. இருபது வருஷமாக மற்ற அம்மாக்கள் பிள்ளை வேலையில் கை வைக்கிறதைப் பார்த்து வாய் கோணினவள் நான். அந்த சர்க்கரைக்கட்டி அப்பன்மார்களாவது பிள்ளை செய்ததை எரிக்கவில்லை.

திர்சா அந்தப் பலகையைச் சுரண்டிச் சரிபண்ணுவாள்னு நினைத்தேன். அது போயிடுச்சும்மான்னு சொல்லிவிட்டாள். ரெண்டு வாரம் சும்மா கிடந்தாள், பென்சிலைக்கூடத் தொடவில்லை, கணக்குப் போடு என்றால் போட்டாள், துவைத்த துணியை மடி என்றால் மடித்தாள். சொன்னதையெல்லாம் கேட்கிற பிள்ளையைப் பார்த்து நான் அப்படிப் பயந்ததே இல்லை. அப்புறம் ஒரு நாள் ஹார்லன் தன் வண்டியில், வெள்ளம் பிய்த்துப் போட்ட அவருடைய கொட்டகைக் கதவையே ஏற்றிக்கொண்டு வந்தார். என்னிடம் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். ரெண்டு பேரும் கொட்டகைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார்கள். மூன்று வாரம் எனக்கு அனுமதி இல்லை. எஸ்றாவுக்கு உண்டு. உன் அப்பாவுக்கு உண்டு. சேற்று வாளி சுமக்கிற வேலையாம் அவருக்கு.

போன வியாழக்கிழமை பீன்ஸும் சோள ரொட்டியும் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து திர்சா யாருன்னு கேட்டாள். அம்மான்னு சொன்னேன். போன் இருக்கான்னு கேட்டாள். வீட்டிலேயே வெச்சுட்டு வந்தேன்னு சொன்னேன். கதவைக் கொஞ்சமாகத் திறந்து, கையை நீட்டுங்கன்னு சொன்னாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு நீட்டினேன். உள்ளங்கை, புறங்கை, நகக்கண் எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், நான் அவளுக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் பார்க்கிற மாதிரியே. அப்புறம் வழியை விட்டாள். ஒரு வாளியைக் காட்டி, அதில் காகிதம் ஊறுது, கட்டியில்லாமப் பிசையுங்க, வேற எதையும் தொடாதீங்கன்னு சொன்னாள். உட்கார்ந்து பிசைந்தேன். என்ன செய்திருக்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்க்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த மூலையிலிருந்து ஹார்லன், எனக்கும் முதல் மாசம் பூரா அந்த வேலைதான் குடுத்தா, நல்லாப் பிசை டார்லான்னு சொன்னார். இன்றைக்கு அஞ்சாவது நாள், இன்னும் பிசைந்துகொண்டுதான் இருக்கிறேன். விரலெல்லாம் செய்தித்தாள் மை, அதுதான் இந்தக் காகிதத்திலும் அங்கங்கே கறை.

நீ வேலை முடிந்து வந்து ஈரக் காலுறையோடு அப்படியே தூங்காதே. காபி மட்டும் குடித்து ஒரு வேளையை ஓட்டாதே. அந்த டோபி என்கிற பையன் எதைச் சாப்பிட்டாலும் முதலில் போட்டோ எடுக்கிறான்னு வேடிக்கையாக எழுதியிருந்தாய், எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை, யோசித்துக்கொள். பத்தொன்பதாம் தேதி அப்பாவுக்குப் பிறந்தநாள், உங்க ஊர் நேரத்தைப் பார்த்துக் கூப்பிடு. திர்சாவுக்கு எழுதினால் மாட்டைப் பற்றி எழுது, உன் பண்ணையில் இந்த வருஷம் செத்துப் பிறந்த கன்றைப் பற்றிக்கூட எழுதலாம், அவள் முகம் சுளிக்க மாட்டாள். நீ நடக்கிற நிலம் உன் காலடியில் உறுதியாக இருக்கட்டும், உன் கை செய்ததில் வேறு யாரும் கை வைக்காத வாழ்க்கையைக் கர்த்தர் உனக்குத் தரட்டும்.

காகிதம் பிசைகிற உன் அம்மா,
டார்லா ஸ்ட்ரௌட்