மீன்காரி தட்டிய தாள்

அக்கா,

இன்று காலை கடை திறக்கும் முன் மேசை லாச்சியை இழுத்தேன். அதற்குள் காசு என்று பெரிதாக ஒன்றும் கிடப்பதில்லை. டென்மார்க்கின் இந்த ஹொல்ஸ்டெப்ரோவில் இப்போது எல்லோரும் கைபேசியைக் காட்டிவிட்டுக் கத்தரிக்காயைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். உள்ளே இருந்தது நீங்கள் தந்த இருபது பீசோத் தாள் மட்டும்தான். ஏனோ முகர்ந்து பார்த்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் மீன் மணக்கிறது என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். மணக்கவில்லை, பழைய காகித வாசம்தான். ஆனாலும் அந்தச் சந்தை ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

நாம் இருவரும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்த காலம் அது. கூட வேலை செய்த பிலிப்பீன்ஸ்காரி லிண்டா, விடுமுறையில் தன் ஊருக்குப் போகும்போது நம்மையும் விடாப்பிடியாகக் கூட்டிக்கொண்டு போனாள். கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். போய்ச் சேர்ந்த மறுநாள் விடிந்ததும் சந்தைக்குக் கிளம்பினோம். அந்தச் சந்தைக்குள் நாம் மூவரும் டேனிஷில் கதைத்துக்கொண்டு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

தகரக் கூரை, ஈரச் சீமெந்துத் தரை. ஒரு மூலையில் தேங்காய் திருவும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. முருங்கையிலை கட்டுக் கட்டாகக் கிடந்ததைக் கண்டு, “இஞ்சை பார், எங்கடை சாமான்!” என்று என் கையைப் பிடித்து இழுத்தீர்கள். மீன் பகுதியில் அப்போதுதான் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஈ விரட்டுவதற்காகச் சின்ன மோட்டார்களில் கட்டிய பிளாஸ்டிக் நாடாக்கள் மேசைகளுக்கு மேலே சுழன்றன. ஒரு மேசையில் ஓரா மீன் குவிந்திருந்தது. டென்மார்க்கில் நாம் ஐஸ் கட்டியாக மட்டுமே கண்ட ஓரா. உங்களுக்குக் கை நிற்கவில்லை. ஒன்றைத் தூக்கிச் செவுளை விலக்கிப் பார்த்தீர்கள். நல்ல சிவப்பு.

அதற்குப் பிறகுதான் மேசையைக் கவனித்தீர்கள். தராசுத் தட்டு காய்ந்துபோய் இருந்தது. ஒருவரும் இன்னும் வாங்கவில்லை. மீனை வைத்துவிட்டுச் சட்டென்று இரண்டடி பின்னால் போனீர்கள்.

“முதல் வேறை ஆரும் வேண்டட்டும். நாங்கள் பிறகு வருவம்.”

எனக்குக் காரணம் தெரியும். அத்தான் இறந்த நாளிலிருந்து நீங்கள் அப்படித்தான். கலியாணவீடோ சாமத்தியவீடோ, ஆராத்தி முடிந்த பிறகே மண்டபத்துக்குள் வருவீர்கள். பிந்தி வரும்படி யாரும் உங்களிடம் சொன்னதில்லை. முந்தி வரும்படியும் சொன்னதில்லை.

மீன்காரியின் முகம் கறுத்துவிட்டது. லிண்டாவிடம் படபடவென்று ஏதோ சொன்னாள். முதலாவதாக வருபவர் மீனைத் தொட்டுவிட்டு வாங்காமல் போனால் அன்று முழுக்க வியாபாரம் படுத்துவிடுமாம், அப்படித் தன் மீனில் என்ன குறை கண்டீர்கள் என்று கேட்கிறாளாம். அவளுக்குக் கெடுதல் வரக்கூடாது என்றுதான் நீங்கள் விலகினீர்கள். அவள் ஊரில் அந்த விலகல்தான் கெடுதல்.

“என்னைப் பற்றி அவவுக்குச் சொல்லு” என்றீர்கள். நான் லிண்டாவுக்குச் சொன்னேன், லிண்டா அவளுக்குச் சொன்னாள். மீன்காரி கடைசிவரைக்கும் கேட்டாள். பிறகு ஓரா மீன்களை நிறுத்துப் பையில் போட்டு உங்கள் கையில் திணித்தாள். அவளுடைய பதில் அவ்வளவுதான்.

நீங்கள் நீட்டிய தாளை வாங்கி, மீன் குவியல் ஒவ்வொன்றிலும் தட்டினாள். தராசில் தட்டினாள், கத்தியில் தட்டினாள். முதல் காசு அதிர்ஷ்டமான காசாம்.

“என்ரை காசையோ தட்டுறா?”

“ஓம் அக்கா.”

“என்ரை காசையோ?”

இரண்டாம் தடவை கேட்டபோது உங்கள் குரல் சரியில்லை. நான் முருங்கையிலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது அவள் மேசையில் பாதி காலி. நல்ல மீன், விற்கத்தான் செய்யும் என்று நான் நினைத்தேன். மீன்காரி அப்படி நினைக்கவில்லை. அடுத்த நாள், முந்தி வந்த ஒரு மனிதரை நிறுத்திவைத்துவிட்டு உங்களைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். மூன்றாம் நாள் எனக்கு முன்பே வெளிக்கிட்டு வாசலில் நின்றீர்கள். “கெதியா வா, அவ பாத்துக்கொண்டு நிப்பா.” ஓரிடத்துக்கு முதலாவதாகப் போய்ச் சேர நீங்கள் அவசரப்பட்டதை நான் கண்டது அன்றைக்குத்தான். ஊர் திரும்பும் நாளில், மிச்சமாகத் தரவேண்டிய இந்த இருபது பீசோத் தாளை அவள் மீன்களில் தட்டிவிட்டு உங்கள் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

அடுத்த வசந்தத்தில் நான் இந்தக் கடையைத் திறந்தேன். முதல் வியாபாரத்துக்கு உங்களைத்தான் கூப்பிடுவது என்று விமானத்திலேயே முடிவு செய்திருந்தேன். இதை உங்களுக்கு நான் சொன்னதே இல்லை. என் வீட்டில் யாரும் தடுத்தார்கள் என்று நினைக்காதீர்கள், நான் யாரிடமும் கேட்கவே இல்லை. சனம் என்ன சொல்லும், கடை ஓடாவிட்டால் என்ன செய்வது என்று நானே பயந்துகொண்டேன். ஓகூஸ் நகரத்திலிருந்து ஒரு தம்பதியை வரவழைத்தேன். அவர்கள் பட்டும் நகையுமாக வந்து மஞ்சளும் சர்க்கரையும் வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு தெரு தள்ளி இருந்த நீங்கள் பின்னேரம்தான் வந்தீர்கள்.

“பிந்தித்தான் வந்தனான், பயப்பிடாதை” என்றீர்கள். பகிடியாகத்தான் சொன்னீர்கள். பிறகு கைப்பையைத் திறந்து இந்தத் தாளை எடுத்தீர்கள். “லாச்சிக்குள்ளை போட்டு வை. கடை ஓடும்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சேர்ந்து தேநீர் குடித்தோம், அப்போதும் கேட்கவில்லை. போன மாரியில் ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலருகே இருந்தபோதும் பனியைப் பற்றியும் பஸ் பிந்தியதைப் பற்றியும்தான் கதைத்தேன். கடை என்னவோ நன்றாகத்தான் ஓடுகிறது.

நீங்கள் போன பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. கதவைத் திறக்கும் முன் இந்தத் தாளை எடுத்துக் கத்தரிக்காயில், முருங்கைக்காயில், மீன் இருக்கும் குளிர்ப்பெட்டி மூடியில், தராசில் என்று தட்டிக்கொண்டு வருகிறேன். ராசியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அன்றும் கிடையாது, பயம் மட்டும்தான் இருந்தது. அன்று ஒரு நாள் செய்யாததை இப்போது தினமும் செய்தால் சரியாகிவிடாது என்பதும் தெரியும்.

இன்று தாளை முகர்ந்துகொண்டு நின்றதில் நேரம் போய்விட்டது. வழக்கமாகக் கொத்தமல்லி வாங்க வரும் டேனிஷ் பெரியவர் வெளியே நின்று கண்ணாடியைத் தட்டினார். நான் தாளோடு போய்க் கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன்.

“கொஞ்சம் பொறுங்கள்” என்றேன். “உள்ளே ஒருவர் வாங்கிக்கொண்டிருக்கிறார்.”

அவர் எட்டிப் பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே காத்து நின்றார்.